அமெரிக்க நர்சிங் ஹோம்ல ரிஹாப் வேலைக்கு சேர்றீங்களா? மெடிகேர் பணம் எப்படி வருது, நீங்க என்ன எழுதணும்னு கொஞ்சம் விவரமா

ஊர்ல பி.பி.டி முடிச்சு, இங்க லைசென்ஸ் எக்ஸாம் எழுதி, விசா எல்லாம் சரியாகி வர்ற நம்ம பசங்கள்ல நிறைய பேருக்கு முதல் வேலை ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டிலதான் அமையுது. முதல் நாளே கையில ஒரு டேப்லட்டையும் பேஷன்ட் லிஸ்ட்டையும் குடுத்துருவாங்க, ப்ரொடக்டிவிட்டி (வேலை நேரத்துல எவ்ளோ பங்கு பேஷன்ட்டோட இருக்கணும்ங்கிறது) எத்தனை பர்சன்ட்னு சொல்லிருவாங்க, ஆனா இந்த பணம் எங்கேருந்து வருது, எந்த விதிப்படி வருது, நாம எழுதுற ஒவ்வொரு நம்பரும் எங்க போய் சேருதுன்னு யாரும் உக்காந்து சொல்லித் தரமாட்டாங்க. நானும் அப்படித்தான் ரெண்டு வருஷம் தெரியாமலே ஓட்டினேன். இப்ப ரிஹாப் டைரக்டரா இருக்கேன், போன மாசம் புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, அந்த பாட்டிக்கு 40 நிமிஷம் குடுக்கணுமா 60 நிமிஷம் குடுக்கணுமா, எது குடுத்தா ஃபெசிலிட்டிக்கு காசு வரும்?" மெடிகேர் பார்ட் ஏ (ஆஸ்பத்திரி முடிஞ்சு வர்றவங்களுக்கான பங்கு) பேஷன்ட்டுக்கு ரெண்டுக்குமே ஒரே காசுதான்மான்னு சொன்னதும் அவ முகத்துல வந்த ஆச்சரியத்தை பார்த்துதான் இதை எழுத உக்காந்தேன்.

இவால்யுவேஷனுக்கு ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி முதல்ல பார்க்க வேண்டியது யார் பணம் கட்டுறாங்கங்கிறதுதான். மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்) பார்ட் ஏ-வா, பார்ட் பி-யா, மெடிகேர் அட்வான்டேஜ் பிளானா, மெடிகெய்டா (வருமானம் கம்மியானவங்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ்). ஒரே ஹால்வேல பக்கத்து பக்கத்து ரூம்ல இருக்குற ரெண்டு பேருக்கு விதி மொத்தமா தலைகீழா இருக்கும், ஒருத்தருக்கு சரியா இருக்குறது இன்னொருத்தருக்கு தப்பாயிடும்.

பார்ட் ஏ-ல ஆரம்பிப்போம். ஆஸ்பத்திரில இன்பேஷன்ட்டா தொடர்ந்து 3 நாள் இருந்திருக்கணும், டிஸ்சார்ஜ் ஆன நாள் கணக்குல வராது. பொதுவா 30 நாளுக்குள்ள நம்மகிட்ட வந்திருக்கணும், வந்தபிறகு தினமும் ஸ்கில்டு கேர் (நர்ஸோ தெரபிஸ்ட்டோதான் செய்ய முடியுற கவனிப்பு) தேவைப்படணும், தெரபி மட்டும்தான் அந்த ஸ்கில்டு தேவைன்னா வாரத்துக்கு 5 நாள் இருந்தா அதை தினமும்னு எடுத்துப்பாங்க. ஒரு பெனிஃபிட் பீரியட்ல (மெடிகேர் கணக்கு வைக்கிற ஒரு கவரேஜ் காலத்துல) அதிகபட்சம் 100 நாள். முதல் 20 நாள் பேஷன்ட் கையிலேருந்து ஒண்ணும் இல்ல, 21வது நாள்லேருந்து கோஇன்ஷூரன்ஸ், 2025ல நாளுக்கு 209 டாலர் 50 சென்ட், வருஷா வருஷம் இது ஏறும். 100 நாள் எல்லாருக்கும் உறுதியா உண்டுன்னு குடும்பத்துக்காரங்க நினைச்சுட்டு வருவாங்க, அது அதிகபட்சம்தான், ஸ்கில்டு தேவை முடிஞ்ச அன்னைக்கு கவரேஜும் முடியுதுன்னு முதல் வாரத்துலயே பக்குவமா சொல்லிடுங்க.

இதுல ஒரு குழி இருக்கு, அதுதான் அப்சர்வேஷன். எங்க பில்டிங்குக்கு ஒரு அம்மா வந்தாங்க, கீழ விழுந்து இடுப்பெலும்புல மெல்லிசா விரிசல், ஆஸ்பத்திரில நாலு ராத்திரி படுத்திருக்காங்க, பெட்டு, டிரிப்ஸு, டாக்டர் ரவுண்ட்ஸ் எல்லாம் இருந்திருக்கு. மகன் நம்பிக்கையா கூட்டிட்டு வந்தார். பேப்பரை பார்த்தா நாலு நாளும் அப்சர்வேஷன் ஸ்டேட்டஸ், அதாவது கணக்குல அவங்க அவுட்பேஷன்ட். 3 நாள் கணக்கு பூஜ்யம். பார்ட் ஏ கிடையாது. அந்த மகன் அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்து, எங்கம்மா ராத்திரி அந்த பெட்லதானே படுத்திருந்தாங்கன்னு திரும்பத் திரும்ப கேட்டது இன்னும் என் காதுல இருக்கு. அப்சர்வேஷன்ல 24 மணி நேரத்துக்கு மேல வெச்சா ஆஸ்பத்திரி ஒரு நோட்டீஸ் குடுத்து கையெழுத்து வாங்கியே ஆகணும், 2017லேருந்து அது சட்டம், ஆனா வலியில கிடக்கிறவங்க எங்க அதை படிக்கிறாங்க. அட்மிஷன் ஆளுங்க இதை சரிபார்ப்பாங்கதான், இருந்தாலும் நீங்களும் ஆஸ்பத்திரி பேப்பர்ல இன்பேஷன்ட் ஆர்டர் தேதியை ஒரு தடவை கண்ணால பாருங்க.

இப்ப நிமிஷக் கணக்குக்கு வரேன். 2019 செப்டம்பர் வரைக்கும் ரக்னு ஒரு முறை இருந்துச்சு, தெரபி நிமிஷம் எத்தனையோ அதுதான் பணத்தை முடிவு பண்ணும், வாரத்துக்கு 720 நிமிஷம் தொட்டா அல்ட்ரா ஹை, 500 தொட்டா வெரி ஹை, 325 ஹை. 719 நிமிஷம்னா ஒரு படி கீழ. அதனால உடம்புக்கு முடியாத பேஷன்ட்டையும் எழுப்பி நிமிஷத்தை நிரப்புற பழக்கம் பல இடத்துல வந்துச்சு, அரசாங்கம் வழக்கு போட்டுச்சு, 2016ல மட்டும் ரிஹாப்கேர் வழக்கு 125 மில்லியன் டாலருக்கும் லைஃப் கேர் சென்டர்ஸ் வழக்கு 145 மில்லியன் டாலருக்கும் சமரசமாச்சு. அப்புறம் 2019 அக்டோபர் 1லேருந்து பி.டி.பி.எம்-ங்கிற புது பணக் கணக்கு முறை வந்துச்சு. இதுல நிமிஷத்துக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்ல, பேஷன்ட் எப்படிப்பட்டவங்க, என்ன நோய், எவ்ளோ முடியுதுங்கிறதை வெச்சு நாள் ரேட் முடிவாகும். நிமிஷத்துக்கு காசு இல்லைன்னதும் அந்த மாசமே நிறைய இடத்துல தெரபிஸ்ட்டுகளை வேலையை விட்டு எடுத்தாங்க, எனக்கு தெரிஞ்சவங்களே இருந்தாங்க. முன்னாடி தேவைக்கு மேல குடுக்குற ஆபத்து, இப்ப தேவைக்கும் கீழ குடுக்குற ஆபத்து. ரெண்டுலயும் அடிபடுறது அந்த பெட்ல இருக்கிறவங்கதான், அதை மட்டும் மறக்கவே மறக்காதீங்க.

பி.டி.பி.எம்-ல அஞ்சு பங்கு இருக்கு, பி.டி (பிசிக்கல் தெரபி), ஓ.டி (ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச், நர்சிங், அப்புறம் என்.டி.ஏ-ன்னு மருந்து, மத்த வியாதிகளுக்கான பங்கு. இது போக எல்லாருக்கும் பொதுவான ஒரு தொகை. இது எல்லாத்தையும் கூட்டித்தான் நாள் ரேட். இதெல்லாம் எம்.டி.எஸ்-ங்கிற அசெஸ்மென்ட்லேருந்து வருது, அந்த 5-டே அசெஸ்மென்ட்டோட ரெஃபரன்ஸ் தேதி முதல் 8 நாளுக்குள்ள விழணும், அதுல போறதுதான் பெரும்பாலும் அந்த ஸ்டே முழுக்க பேசும். நடுவுல நிலைமை மாறினா ஐ.பி.ஏ-ன்னு ஒரு இடைக்கால அசெஸ்மென்ட் போடலாம், கட்டாயம் இல்ல. அதனால முதல் வாரத்துல தப்பா எழுதினா அது கடைசி வரைக்கும் கூடவே வரும்.

முதல்ல டயக்னோசிஸ். எம்.டி.எஸ்-ல ஐ0020பி-ன்னு ஒரு கட்டம், இவங்க எதுக்காக இங்க வந்திருக்காங்கங்கிறதுக்கு ஒரே ஒரு ஐ.சி.டி-10 நோய் கோட். நம்ம பழக்கத்துக்கு தசை பலவீனம், எம்62.81-னு போட்டுட்டு போயிடுவோம், டிரீட்மென்ட் டயக்னோசிஸா அதை நீங்க வெச்சுக்கலாம், ஆனா அந்த கட்டத்துல அதை போட்டா ஏத்துக்கவே மாட்டாங்க, திருப்பி அனுப்புற லிஸ்ட்ல இருக்கு அது. ஏன் பலவீனம், எதனால நடக்க முடியலைங்கிறதுதான் அங்க வேணும். இன்னொண்ணு சர்ஜரி. இடுப்பு எலும்பு முறிஞ்சு பாதி மூட்டை மாத்துற ஆபரேஷன் பண்ணி வந்திருக்காங்கன்னு வைங்க, ஃபிராக்சர் கோட் மட்டும் போட்டா சாதாரண எலும்பு கேஸ் வகையில போயிடும், எம்.டி.எஸ்-ஓட ஜே செக்ஷன்ல அந்த சர்ஜரியை டிக் பண்ணினாதான் பெரிய மூட்டு மாற்று வகைக்கு வரும். ஆபரேஷன் நோட்டு ஆஸ்பத்திரிலேருந்து வரலைன்னா நர்ஸுக்கு தெரியாது, நீங்க தையலை பார்த்திருப்பீங்க, ஹிப் ப்ரிகாஷன்ஸ் (இடுப்பை எப்படி அசைக்கக்கூடாதுங்கிற) ஆர்டரை பார்த்திருப்பீங்க, அதனால எம்.டி.எஸ் கோஆர்டினேட்டர்கிட்ட போய் வாயைத் திறந்து சொல்லுங்க, ஆபரேஷன் ரிப்போர்ட்டை கேட்டு வாங்க வைங்க.

அடுத்தது எம்.டி.எஸ்-ல ஜி.ஜி செக்ஷன், பேஷன்ட் தானா எவ்ளோ செய்றாங்கன்னு ஸ்கோர் போடுற இடம், இதை நிதானமா படிங்க ஏன்னா தெரபிஸ்ட் கையில நேரடியா இருக்குற இடம் இதுதான், நான் பார்த்தவரைக்கும் அதிகமா தப்பு நடக்குறதும் இங்கதான். சாப்பிடுறது, வாய் சுத்தம், டாய்லெட் சுத்தம், படுக்கிறது எந்திரிக்கிறது, உக்காந்து நிக்கிறது, பெட்லேருந்து சேருக்கு மாறுறது, டாய்லெட்ல உக்கார்றது, 50 அடி ரெண்டு திருப்பத்தோட நடக்குறது, 150 அடி நடக்குறது, இதுக்கெல்லாம் 06லேருந்து 01 வரைக்கும் ஸ்கோர். 06னா தானாவே, 05னா எடுத்து வெச்சா போதும், 04னா கூட நிக்கணும் இல்லைன்னா லேசா தொடணும், 03னா உதவுறவங்க பாதிக்கும் கம்மியா உழைக்கிறாங்க, 02னா பாதிக்கு மேல, 01னா முழுக்க உதவுறவங்களே செய்யணும், இல்லைன்னா ரெண்டு ஆள் வேணும். வந்த முதல் 3 நாள்ல வழக்கமா எப்படி செய்றாங்களோ அது, தெரபியோட பலன் சேர்றதுக்கு முன்னாடி இருந்த நிலைமை.

"வழக்கமா"ங்கிற சொல்லுதான் எல்லாமே. ஒரு உதாரணம் சொல்றேன். 82 வயசு பாட்டி, இடது இடுப்பு. ரெண்டாவது நாள் காலைல 9:30க்கு நர்ஸ் வலி மாத்திரை குடுத்தாங்க, 10:30க்கு நம்ம தெரபிஸ்ட் போனார், வாக்கரை பிடிச்சு கைய லேசா இடுப்புல வெச்சதும் எந்திரிச்சு நின்னுட்டாங்க, அவர் 04 போட்டார். அவர் கண்ணால பார்த்தது உண்மைதான். ஆனா நான் ஷிஃப்ட் மாறுற நேரத்துல ராத்திரி டியூட்டி பார்த்த சி.என்.ஏ-வை (நர்சிங் உதவியாளரை) ஹால்வேல நிறுத்தி கேட்டேன், "விடியக்காலம் நாலரைக்கு பாத்ரூம் கூட்டிட்டு போனப்போ எப்படி இருந்தாங்க?" அவங்க தன்னோட முதுகை தொட்டு காட்டி, நான்தான் தூக்கினேன், அவங்க கால்ல பலமே இல்லன்னாங்க. அது 02. சாயங்கால ஷிஃப்ட் சி.என்.ஏ சொன்னது, கொஞ்சம் தாங்கி பிடிச்சா மீதி அவங்களே எந்திரிப்பாங்க, மூணு நாலு தடவையும் அப்படித்தான்னு. அப்ப வழக்கம் 03. நல்லா இருந்த ஒரு நேரமும் இல்ல, மோசமா இருந்த ஒரு நேரமும் இல்ல. இந்த மூணு பேச்சையும் கேட்காம ஒருத்தரே டேப்லட்ல தட்டிவிட்டா அந்த ஸ்கோர் அந்த பாட்டியோட ஸ்கோர் இல்ல. பி.டி, ஓ.டி, நர்ஸ், சி.என்.ஏ எல்லாரும் சேர்ந்து மூணாவது நாள் அஞ்சு நிமிஷம் பேசி முடிவெடுங்க, யார் என்ன பார்த்தாங்கன்னு சார்ட்ல ஒரு வரி இருக்கட்டும்.

சில பேர் நினைக்கிறாங்க, ஸ்கோரை கீழ போட்டா காசு கூடும்னு. நர்சிங் பங்குக்கு அப்படி ஒரு போக்கு உண்டு, ஆனா பி.டி, ஓ.டி பங்குல அப்படி இல்ல, ஜி.ஜி ஸ்கோரை வெச்சு போடுற, 0லேருந்து 24 வரைக்கும் இருக்குற கூட்டுத்தொகைல ரொம்ப கீழ இருக்கிறவங்களைவிட நடுவுல இருக்கிறவங்களுக்குதான் ரேட் கூட, ஏன்னா அவங்களுக்குத்தான் தெரபி அதிகமா பலன் தரும்ங்கிற கணக்கு. அதனால யாராவது உங்ககிட்ட வந்து இந்த நம்பரை மாத்துன்னு சொன்னா, எந்த பக்கமா இருந்தாலும் சரி, மாத்தாதீங்க. உங்க லைசென்ஸ் நம்பர் அதுல இருக்கு. பார்த்ததை எழுதுங்க, இன்னொரு ஷிஃப்ட்ல வேற மாதிரி பார்த்திருந்தா அவங்க பார்த்ததை அவங்க எழுதட்டும்.

செய்யவே இல்லாத ஆக்டிவிட்டிக்கும் கோட் இருக்கு, மறுத்துட்டாங்கன்னா 07, நோய்க்கு முன்னாடியே செய்றதில்லைன்னா 09, இட வசதி இல்லைன்னா 10, உடம்பு நிலைமை பாதுகாப்பு காரணம்னா 88. காலியா ஒரு டேஷ் (-) மட்டும் போட்டு விடாதீங்க, அப்படி விட்டது நிறைய சேர்ந்துச்சுன்னா குவாலிட்டி ரிப்போர்ட்டிங்ல அந்த வருஷத்து ரேட் உயர்வுல 2 பர்சன்டேஜ் பாயிண்ட் போயிடும், மொத்த பில்டிங்குக்கும்.

ஸ்பீச் பங்கை பத்தி ஒண்ணே ஒண்ணு. பக்கவாதம் மாதிரி நரம்பு கேஸா, ஞாபக சக்தி டெஸ்ட் எப்படி, முழுங்குறதுல சிரமமா, மசிச்ச சாப்பாடா, இதெல்லாம்தான் அதை முடிவு பண்ணுது. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள்தான் வர்றாங்கன்னா இதெல்லாம் நழுவிடும். சாப்பிடும்போது இருமுறதை நீங்க பார்த்தா அன்னைக்கே சொல்லுங்க. பணம் இருக்கட்டும், நிமோனியா வந்துடும்.

அப்புறம் நாள் ஆக ஆக ரேட் குறையும். பி.டி, ஓ.டி பங்கு 20 நாள் வரைக்கும் முழுசு, 21லேருந்து ஒவ்வொரு 7 நாளுக்கும் 2 பர்சன்ட் குறைஞ்சுட்டே வந்து கடைசி மூணு நாள்ல 76 பர்சன்ட்ல நிக்கும். என்.டி.ஏ பங்கு முதல் 3 நாள் மூணு மடங்கு, நாலாவது நாள்லேருந்து ஒரு மடங்கு. 21வது நாள் ரேட்டும் குறையுது, கோஇன்ஷூரன்ஸும் ஆரம்பிக்குது, அதனால அந்த நாள் நெருங்கும்போது டிஸ்சார்ஜ் பேச்சு தானா வரும் மீட்டிங்ல. தயாரா இருந்தா அனுப்பலாம், தப்பே இல்ல. தயாரா இல்லைன்னா வீட்ல எத்தனை படி, பாத்ரூம்ல பிடி இருக்கா, பகல்ல யாரு கூட இருப்பாங்கன்னு விவரத்தோட பேசுங்க, "இன்னும் கொஞ்ச நாள் வேணும்"னு மொட்டையா சொன்னா நிக்காது.

ஆஸ்பத்திரிக்கு திரும்ப போயிட்டு மூணு நாளுக்குள்ள நம்ம பில்டிங்குக்கே வந்துட்டா அது புது ஸ்டே இல்ல, விட்ட இடத்துலேருந்து அதே நாள் கணக்கு தொடரும். மூணாவது நாள் நள்ளிரவு தாண்டிட்டா ரேட்டுக்கான நாள் கணக்கு புதுசா 1லேருந்து.

குரூப் தெரபி, கான்கரன்ட் தெரபி. குரூப்னா 2லேருந்து 6 பேர், ஒரே மாதிரி ஆக்டிவிட்டி. கான்கரன்ட்னா 2 பேர், ஆளுக்கு வேற வேற ஆக்டிவிட்டி, ரெண்டு பேரும் உங்க கண்ணெதிர்ல. ரெண்டும் சேர்ந்து பி.டி, ஓ.டி, ஸ்பீச்னு ஒவ்வொரு டிசிப்ளின்லயும் ஒரு ஸ்டே முழுக்க 25 பர்சன்ட்டை தாண்டக்கூடாது. ஒருத்தருக்கு பி.டி மொத்தம் 600 நிமிஷம்னா 150 வரைக்கும். டிஸ்சார்ஜ் எம்.டி.எஸ்-ல இது தெரியும், தாண்டினா எச்சரிக்கை வரும். குரூப் போட்டா ஏன் இவங்களுக்கு குரூப், அதுல என்ன பலன்னு பிளான்ல இருக்கணும்.

டெய்லி நோட்டுல "நல்லா ஒத்துழைச்சாங்க, நல்லா தாங்கிக்கிட்டாங்க" இதை நிறுத்துங்க. ஏன் ஒரு தெரபிஸ்ட் தேவைப்பட்டார்னு ரிவ்யூ பண்றவங்க தேடுவாங்க. "12 அடி நடந்ததும் ஆக்ஸிஜன் 87க்கு இறங்குச்சு, உக்கார வெச்சு மூச்சு பயிற்சி குடுத்தேன், ரெண்டு நிமிஷத்துல 93, மறுபடி நடக்கும்போது வேகத்தை குறைச்சேன்", இப்படி எழுதினா பேச்சே இல்ல. முன்னேற்றம் இல்லைன்னா கவரேஜ் இல்லைன்னு இன்னும் சில பேர் சொல்லிட்டு திரியுறாங்க, அது தப்பு. 2013 ஜனவரில ஜிம்மோ வழக்குல கோர்ட் ஏத்துக்கிட்ட ஒப்பந்தப்படி, இருக்குற நிலைமையை காப்பாத்துறதுக்கோ சரிவை தாமதப்படுத்துறதுக்கோ தெரபிஸ்ட்டோட திறமை தேவைப்பட்டா அதுவும் கவர் ஆகும். பார்கின்சன் பேஷன்ட்டை "பிளாட்டோ" (இனி முன்னேற்றம் இல்ல)ன்னு ஒரு வார்த்தைல டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பார்ட் பி வேற உலகம். நீண்ட நாளா அங்கேயே தங்கியிருக்கிறவங்க, பார்ட் ஏ நாள் முடிஞ்சவங்க இதுல வருவாங்க. இங்க ஒவ்வொரு டிரீட்மென்ட் கோடுக்கும் காசு, அதனால நிமிஷம் முக்கியம். 8 நிமிஷ விதி: 8லேருந்து 22 வரைக்கும் 1 யூனிட், 23லேருந்து 37 வரைக்கும் 2, 38லேருந்து 52 வரைக்கும் 3, 53லேருந்து 67 வரைக்கும் 4. 97110 (உடற்பயிற்சி) 20 நிமிஷம், 97530 (அன்றாட வேலைக்கான பயிற்சி) 13 நிமிஷம், 97116 (நடைப் பயிற்சி) 10 நிமிஷம்னா மொத்தம் 43, 3 யூனிட், கோடுக்கு ஒண்ணா போகும். பார்ட் பி-ல கான்கரன்ட் கிடையாது, ஒரே நேரத்துல ரெண்டு பேரை பார்த்தா அது குரூப் கோட் 97150தான். பி.டி-க்கு ஜி.பி, ஓ.டி-க்கு ஜி.ஓ, ஸ்பீச்சுக்கு ஜி.என் மாடிஃபையர், அதாவது பில்லுல கோட் பக்கத்துல சேர்க்குற ரெண்டெழுத்து. பி.டி அசிஸ்டன்ட் செஞ்ச வேலைன்னா சி.க்யூ, ஓ.டி அசிஸ்டன்ட்னா சி.ஓ, 2022லேருந்து அதுக்கு 85 பர்சன்ட்தான் வரும். 10 டிரீட்மென்ட் நாளுக்கு ஒரு தடவையாவது தெரபிஸ்ட் கையால ப்ராக்ரஸ் ரிப்போர்ட், இது தவறினா பில் காத்துல போயிடும்.

பழைய வருஷாந்திர உச்சவரம்பு 2018ல எடுத்தாச்சு, ஆனா ஒரு எல்லை இருக்கு, 2025ல பி.டி-யும் ஸ்பீச்சும் சேர்ந்து 2,410 டாலர், ஓ.டி-க்கு தனியா 2,410. அதை தாண்டினா கே.எக்ஸ் மாடிஃபையர் போடணும், அதைப் போடுறது "இது மருத்துவ ரீதியா தேவைதான்"னு நீங்க உறுதி சொல்றதுக்கு சமம், சும்மா ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல. 3,000 தாண்டினா ரிவ்யூவுக்கு எடுக்க வாய்ப்பு உண்டு.

மெடிகேர் அட்வான்டேஜ்னா தனியார் பிளான், முன்அனுமதி இல்லாம ஒண்ணும் நகராது, சில பிளான் 3 நாள் ஆஸ்பத்திரி விதியே கேட்காது, ஆனா அடிக்கடி அப்டேட் கேட்டு ஒவ்வொரு வாரமும் கட் பண்ண பார்க்கும். 2024லேருந்து பழைய மெடிகேரோட கவரேஜ் அளவுகோலை அவங்களும் பின்பற்றணும்னு விதி இருக்கு, கேஸ் மேனேஜர்கிட்ட பேசும்போது இதை தைரியமா சொல்லுங்க. அப்டேட் அனுப்புற அன்னைக்கு காலைல புது நம்பர் எடுத்து அனுப்புங்க, போன வாரத்து நோட்டை காப்பி பண்ணி அனுப்பினா "மாற்றம் இல்லை"ன்னு அவங்களே எழுதிக்குவாங்க.

மாசக் கடைசில டிரிபிள் செக் மீட்டிங். பில்லிங், எம்.டி.எஸ், தெரபி மூணு பேரும் ஒரே மேஜைல உக்காந்து பேஷன்ட் பேஷன்ட்டா பார்க்கணும், டாக்டர் சர்டிஃபிகேஷன் கையெழுத்து ஆச்சா, முதல் ரீசர்டிஃபிகேஷன் (ஸ்கில்டு கேர் இன்னும் தேவைன்னு டாக்டர் மறுபடி உறுதி சொல்றது) 14வது நாளுக்குள்ள இருக்கா, இவால் தேதியும் பில் தேதியும் பொருந்துதா, பிளான் ஆஃப் கேர்ல கையெழுத்தும் தேதியும் இருக்கா. ரெண்டு மணி நேரம் ஆகும், போர் அடிக்கும், ஆனா ஒரு கையெழுத்து இல்லாததால முழு மாசத்து பில்லும் திரும்பி வந்ததை நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.

கவரேஜ் முடியப் போகுதுன்னா அதை பேஷன்ட்டுக்கு சொல்ற என்.ஓ.எம்.என்.சி நோட்டீஸ் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி குடுக்கணும். கடைசி தேதியை தெரபி ரூம்லயே முடிவு பண்ணிட்டு சோஷியல் வொர்க்கர்கிட்ட சாயங்காலம் சொல்ற பழக்கம் வேண்டாம், அவங்களுக்கு குடும்பத்தை பிடிக்கவே ஒரு நாள் ஆகும். பேஷன்ட் அப்பீல் பண்ணணும்னா கவரேஜ் முடியுற நாளுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள கியூ.ஐ.ஓ-வுக்கு (மெடிகேருக்காக அப்பீலை பார்க்குற வெளி அமைப்புக்கு) போன் பண்ணணும், அந்த நம்பர் நோட்டீஸ்லயே இருக்கும், விரலை வெச்சு காட்டுங்க அவங்களுக்கு. அப்பீல் போட்டாங்கன்னு தகவல் வந்த அன்னைக்கே ஃபெசிலிட்டி விரிவான விளக்கம் எழுதிக் குடுக்கணும், சார்ட் அனுப்பணும். அப்ப அங்க உக்காந்து படிக்கிறவங்க பேஷன்ட்டை பார்க்கப் போறதில்ல, உங்க கடைசி ஒரு வாரத்து நோட்டை மட்டும்தான் பார்ப்பாங்க, அதனால அந்த வாரத்துல டாய்லெட்டுக்கு தனியா போக முடியுதா, ராத்திரி எத்தனை தடவை எழுப்பினாங்க, படி ஏறும்போது எந்த காலு நடுங்குதுங்கிறதை அன்னன்னைக்கே எழுதி வெச்சிருங்க.